கைத்துப்பாக்கியும் சோர்வென்னும் வினையும்

இல்லறத்தான் ஒருவன் தன் மனையையும் மக்களையும் கள்வரினின்றும் காத்தற்பொருட்டு, அரசினர்பால் உரிமம் பெற்றுக் கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கி வைத்துள்ளான் என்க. ஒருநாள் மாலை அதனைத் துடைத்து, மீண்டும் தோட்டா இட்டு, மேசையின் இழுப்பறையில் வைத்தவன், வாயிலில் வந்தாரோடு உரையாடச் செல்கின்றான். இழுப்பறை பூட்டப்படவில்லை. அவனுடைய ஆறு வயது மகன் அதனைக் கண்டு, விளையாட்டுப் பொருளெனக் கருதி எடுக்கின்றான். ஒரு நொடியில் வெடியோசை எழுகின்றது. தங்கையாகிய சிறு மகவு உயிர் துறந்து கிடக்கின்றது. ஓடி வந்த தந்தை தலையில் அடித்துக்கொண்டு, 'யான் ஒன்றும் செய்திலேனே! எல்லாம் விதி' என்று அரற்றுகின்றான். சுற்றத்தாரும் அவனைத் தேற்றுவாராய், 'குழந்தைக்கு இட்ட நாள் அவ்வளவே' என்கின்றனர்.

இஃது எடுத்துக்காட்டின்பொருட்டுப் புனைந்துகொண்ட நிகழ்ச்சியே. ஆயினும் இதனை ஒத்தன உலகின் பல பகுதிகளிலும் மெய்யாகவே நிகழ்ந்து வருதல் செய்தித்தாள் படிப்பார் யாவரும் அறிந்ததொன்றாம். ஈண்டு ஆராயத்தக்கன அத் தந்தையின் வாயினின்றும் வந்த இரு சொற்களே. 'யான் ஒன்றும் செய்திலேன்' என்றது மெய்யாமா? 'எல்லாம் விதி' என்றது அவனைக் குற்றத்தினின்றும் விடுவிக்குமா? வினையுண்மையை உடன்படாதார்க்கு இவ்வினாக்கள் சட்ட நூலோடு முடிந்துவிடும். வினை உண்டு, அதனை ஊட்டுவிக்கும் இறைவனும் உளன் என்னும் சைவ சித்தாந்திகட்கோ இவை உயிரின் உறுதியைப் பற்றிய வினாக்களாம். அன்றியும், வினைக்கொள்கையைப் பிழைபட உணர்ந்தார் அதனையே தம் சோர்விற்குப் போர்வையாக்கிக் கொள்ளுதல் கூடுமாகலின், அப்போர்வையை நீக்கிக் காட்டுதலும் சித்தாந்தம் உணர்ந்தார் கடனேயாம்.

முதற்கண் துப்பாக்கி என்னும் பொருளின் இயல்பை நோக்குதல் வேண்டும். குடத்திற்கு மண் முதற்காரணம், தண்ட சக்கரங்கள் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பது சித்தாந்த நூல் பயில்வார் தொடக்கத்திலேயே கற்பது. கைத்துப்பாக்கி மாயையின் காரியமாகிய சடப்பொருள். அஃது எவரையும் பகைப்பதுமில்லை, எவரையும் காப்பதுமில்லை. 'துப்பாக்கியே தீயது' என்பாரும், 'துப்பாக்கியே காவல்' என்பாரும், அறிவுடைய உயிருக்கு உரியதனை அறிவில்லாத இரும்பின்மேல் ஏற்றிக் கூறுதலின் இருவரும் ஒருதன்மையரே. அற்றேல், சடத்தைப் பற்றி ஆராய்ச்சி வேண்டா எனின், அற்றன்று. சக்கரமின்றிக் குடமில்லை, கருவி வேறுபடின் செயலும் வேறுபடும். கத்தியால் ஒருவனைக் கொல்லுதற்கு நெருங்கிச் செல்லுதலும் கைவன்மையும் வேண்டும். இடையே மனம் திரும்புதற்குச் சிறிது காலமும் உண்டு. கைத்துப்பாக்கிக்கோ விரலின் சிறு அசைவே அமையும். இக்காலத்துப் பெருவழக்கிலுள்ள 9 மில்லிமீட்டர்த் தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 7 அல்லது 8 கிராம் எடையே உடையது. அது குழல்வாயினின்றும் நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் விரைவிற் புறப்படும். மெல்லிய தடுப்புச் சுவரையும் மரக்கதவையும் ஊடுருவி அப்பால் உள்ளார்மேலும் பாயும். சிறு மகவின் விரலுக்கும் அஃது இணங்கும். கருவியின் ஆற்றல் மிகுந்தோறும் அதனைக் கைக்கொண்ட கருத்தாவின் கடனும் மிகும் என்பதே இதனாற் பெறப்படுவது.

இனி அக்கருத்தாவாகிய உயிரின் இயல்பை நோக்குக. உயிர் அறிவுடையதாயினும், ஆணவ மலத்தால் மறைக்கப்பட்டு, அறிவிக்க அறியும் இயல்பினதாய் உள்ளது. கண்ணுக்குக் கதிரொளி துணையாமாறுபோல அதற்குத் துணை வேண்டும். தான் அறியாததனை அறிந்ததாகக் கருதச் செய்தலே அம்மறைப்பின் கொடுமை. துப்பாக்கி தவறிச் சுட்டுவிட்ட இடங்களில் எல்லாம் பெரிதும் கேட்கப்படும் சொல், 'உள்ளே தோட்டா இல்லை என்று எண்ணினேன்' என்பதே.

இவ்வெண்ணம் தோன்றுமாறும் அறியத்தக்கது. கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் இருவகைய. ஒன்று ரிவால்வர், சுழலும் உருளையின் அறைகளில் ஐந்தாறு தோட்டாக்களைக் கொள்வது. மற்றொன்று பிஸ்டல், அதன் கைப்பிடியினுட் செருகப்படும் தோட்டாப் பெட்டியினின்றும் ஒவ்வொரு தோட்டாவாக மேலேறிக் குழலின் அடியிலுள்ள அறையிற் புகும். பெட்டியைக் கழற்றியவன் துப்பாக்கி வெறிதாயிற்று என்று கருதுகின்றான். முன்னரே அறையிற் புகுந்த தோட்டா ஒன்று அங்கேயே தங்கியுள்ளது. மற்றொருவன் துப்பாக்கியின் மேலுள்ள நகர்பகுதியை முதலிற் பின்னிழுத்து, அறையிலிருந்த தோட்டாவை வெளியேற்றிவிட்டுப் பின்னர்ப் பெட்டியைக் கழற்றுகின்றான். நகர்பகுதி முன்னே சென்றபோதே பெட்டியிலிருந்து வேறொரு தோட்டா அறையிற் புகுந்துவிட்டதை அவன் அறியான். ஆதலின், குழல்வாயைத் தீங்கற்ற பக்கம் நோக்கித் திருப்பி, முதலிற் பெட்டியைக் கழற்றி, அதன்பின் நகர்பகுதியைப் பின்னிழுத்து நிறுத்தி, அறையைக் கண்ணால் நோக்கியும் விரலால் தடவியும் தெளிதலே உரிய முறையாம். இருவரும் செய்த செயல்கள் அவையே. முறை மாறியதனால் காவலாக வேண்டியது கொலையாகின்றது.

இதுபற்றியே துப்பாக்கிப் பயிற்சி அளிப்போர், எந்தத் துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே கொண்டு கையாள வேண்டும் என்பதனை முதல் விதியாக வைத்தனர். பிறர் வெறிதென்று கூறிக் கொடுத்ததனை மட்டுமன்றி, வெறிதென்று தானே கண்டு வைத்ததனையும் மீண்டும் எடுக்குங்கால் நிறைந்ததாகவே கருதல் வேண்டும். மேனோக்காகக் காண்பார்க்கு இஃது அறிவோடு முரணுவதாகத் தோன்றும். சித்தாந்தம் உணர்ந்தார்க்கோ இதன் நுட்பம் எளிதில் விளங்கும். இவ்விதி இரும்பைப் பற்றி எழுந்ததன்று. தன்னறிவு மறைப்புடையது என்பதனை உடன்பட்டு அடங்கி நிற்றலைப் பற்றி எழுந்தது. தன் அறிவின்மேல் ஐயம் கொள்ளாதான் துப்பாக்கியைத் தொடுதற்கு உரியனல்லன்.

ஏனை மூன்று விதிகளும் இதன் வழிப்பட்டனவே. அழிக்கக் கருதாத எதன்மேலும் குழல்வாயைத் திருப்பலாகாது என்பது இரண்டாவது. விளையாட்டாகவும், அச்சுறுத்தற்காகவும், நண்பர்க்குக் காட்டுதற்காகவும் திருப்புதல் இதனால் விலக்கப்பட்டது. குறியை நோக்கிச் சுடத் துணியும் வரையில் விரல் விசையைத் தீண்டலாகாது என்பது மூன்றாவது. கால் இடறினும், பேரோசை கேட்டுத் திடுக்கிடினும் விரல்கள் தாமே மடங்கும் இயல்பினவாதலின், விசைக்குப் புறத்தே நீட்டி வைத்த விரலே காவலுடைய விரலாம். குறி இன்னதென்றும் அதற்கப்பால் உள்ளது இன்னதென்றும் தெளிந்தன்றிச் சுடலாகாது என்பது நான்காவது. இருளில் அசைந்த உருவத்தைக் கள்வனெனக் கருதிச் சுட்டு, விளக்கேற்றிப் பார்த்து அது தம் மகனென அறிந்து கதறிய பெற்றோரும் உளர். இந்நான்கினையும் இவ்வடிவில் தொகுத்து 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரப்பியவர் அமெரிக்க நாட்டு ஜெஃப் கூப்பர் என்பார். நான்கனுள் ஒன்று தவறியவிடத்தும் எஞ்சியவை பெரும்பாலும் உயிரைக் காத்துவிடும். வேலிக்குள் வேலியாக இவை அமைந்தமை, மறதி உயிருக்கு இயல்பு என்பதனை அறிந்தமையாலேயாம்.

ஆற்றலிற் சிறிது துறத்தலும் காவலாதல் உண்டு. 1873இல் அமெரிக்காவில் வெளிவந்த கோல்ட் ரிவால்வர் ஆறு தோட்டா கொள்வது. அதன் சுத்தியல் படிந்திருக்கும் அறையில் தோட்டா இருப்பின், துப்பாக்கி கைதவறிக் கீழே விழுந்தவிடத்தும் வெடித்தல் கூடும். அதனை அறிந்தோர் ஐந்து தோட்டாக்களே இட்டுச் சுத்தியலின் கீழுள்ள அறையை வெறிதாக வைத்துக்கொண்டனர். பிற்காலத்து ரிவால்வர்களில் இக்குறை பொறியமைப்பாலேயே நீக்கப்பட்டது. எனினும், தமக்கு எளிதிற் கிடைக்கும் ஆறாவது தோட்டாவைத் தம்மைச் சூழ்ந்தார் உயிரின்பொருட்டு விலக்கி வைத்த அம்மனப்பான்மை, எக்காலத்துத் துப்பாக்கியை உடையார்க்கும் வேண்டப்படுவதே.

வைப்புமுறையும் இத்தகையதே. பயன்படுத்தாத காலத்துத் துப்பாக்கியினின்றும் தோட்டாவை நீக்கி, அதனைப் பூட்டுள்ள பெட்டியில் வைத்து, தோட்டாக்களை வேறோரிடத்தே பூட்டி, திறவுகோலைத் தன்னிடமே வைத்துக்கொள்ளுதல் உடையான் கடன். ஒளித்து வைத்தல் வேறு. பூட்டி வைத்தல் வேறு. வீட்டில் ஒளித்து வைத்தவற்றை முதலிற் கண்டுபிடிப்பார் குழந்தைகளே என்பது தாய்மார் அறிந்த உண்மை.

'கள்வன் வந்த நொடியிற் பூட்டிய துப்பாக்கி உதவுமா?' என்று தடை நிகழ்த்துவார் உளர். இத்தடை எளியதன்று. அமெரிக்க நாட்டில் படைக்கலம் வைத்திருக்கும் உரிமை 1791இல் அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தத்தால் நிறுவப்பட்டது. அதனை அடிப்படையாகக் கொண்டு 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வீட்டிலுள்ள துப்பாக்கியைக் கழற்றியோ விசைப்பூட்டு இட்டோ வைத்தல் வேண்டும் என்றிருந்த வாஷிங்டன் நகரத்துச் சட்டத்தைத் தற்காப்பிற்கு இடையூறாவதெனக் கூறி நீக்கியது. ஐவர் ஒருபுறமும் நால்வர் ஒருபுறமுமாக நீதிபதிகள் பிரிந்து நின்றமையே வினாவின் அருமையைக் காட்டும். எனினும் சட்டம் வற்புறுத்தாததனை அறம் வற்புறுத்தாது என்று கொள்ளற்க. துப்பாக்கி உடையான் கையின் ஆட்சியிலேனும், பூட்டின் ஆட்சியிலேனும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டுமன்றி மூன்றாம் நிலை அதற்கில்லை. கள்வன் வருதல் ஒருகால் நிகழ்வதும் நிகழாததுமாம். குழந்தை வீட்டில் இருத்தலோ நாள்தோறும் உள்ளது. நிகழலாம் என்னும் தீங்கிற்கு அஞ்சி, கண்ணெதிரே நிற்கும் தீங்கை மறத்தல் காவலாகாது. விரல் நொடியிற் திறக்கத்தக்க பூட்டுப் பெட்டிகளும் இக்காலத்து உள.

இனி, முன்னர்க் கூறிய தந்தையின் இரண்டாம் சொல்லை ஆராய்தல் வேண்டும். 'குழந்தை இறந்தது அதன் பிராரத்த வினையால். வினைப்பயனை ஊட்டுவித்தவன் இறைவன். தந்தை வெறுங்கருவியே' என்பது தடை. இறப்பு இறைவன் ஆணையின்றி நிகழாது என்பது உண்மையே. அதனால் தந்தை குற்றமிலன் என்பது பெறப்படாது. என்னை? ஒரு செயலே ஒருயிர்க்கு நுகர்ச்சியாகவும், மற்றோர் உயிர்க்கு வித்தாகவும் ஆகும். குழந்தைமாட்டுப் பிராரத்தமாய் முடிந்தது, சோர்ந்திருந்தான்மாட்டு ஆகாமியமாய் ஏறுகின்றது. வயலில் ஒருபுறம் அறுவடை நிகழ, மறுபுறம் விதைப்பு நிகழுமாறு போல்வதாம் இது. அல்லதூஉம், இத்தடை உண்மையாயின், வஞ்சித்துக் கொன்றானும் 'யான் கருவியே' என்று கூறித் தப்புதல் கூடும். அவ்வாறு கூறுதலை எவரும் உடன்படார். இறைவன் வினைப்பயன் கூட்டுதற்கு ஒருவனுடைய கவனக்குறைவை எதிர்பார்த்திருப்பவனல்லன். அக்குறைவு அவனவன் விரும்பி விளைத்தது. அதன் பயனும் அவனவற்கே உரியது.

'கருதிச் செய்யாததும் வினையாமோ?' என்பது அடுத்த தடை. மனம் வாக்குக் காயங்களால் ஈட்டப்படுவதே வினை. சோர்ந்தவன் கொலையைக் கருதினானல்லன் என்பர். அவன் கொலையைக் கருதாமை உண்மை. ஆனால், தோட்டாவை இட்டது கருதிச் செய்ததே. இழுப்பறையில் வைத்ததும் கருதிச் செய்ததே. பூட்டாது எழுந்து சென்றது, பூட்டுதலாகிய சிறு வருத்தத்தை விரும்பாமையாற் செய்ததே. இறைவன் தனு கரண புவன போகங்களை உயிர்க்கு அளித்தது ஆணவ இருளைச் சிறிதேனும் நீக்கிக் காணுதற்பொருட்டு. கையில் விளக்கிருந்தும் ஏற்றாது நடந்து, வழியிற் கிடந்த மகவை மிதித்தவன், 'இருள் மிதித்தது' என்று கூறலாமோ? மறதி மலத்தின் செயலாயினும், மறதியை எதிர்நோக்கி முற்காப்புச் செய்யாமை உயிரின் செயலே. ஆகவே 'யான் ஒன்றும் செய்திலேன்' என்னும் முதற் சொல்லும் மெய்யன்று.

இக்கருத்தைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தின் தொடக்கத்திலேயே, மனுநீதி கண்ட சோழன் வரலாற்றால் விளக்கியருளினார். திருவாரூர் வீதியிற் தேரூர்ந்து சென்ற அரசிளங்குமரன் பசுக்கன்றைக் கொல்லக் கருதினானல்லன். கன்று கூட்டத்தினூடே துள்ளி வந்து சக்கரத்திற் பட்டது. அமைச்சர் கழுவாய் செய்து முடிக்கலாம் என்றனர். அரசன் அதனை ஏற்றிலன். பிறன் ஒருவன் ஓருயிரைக் கொன்றால் தண்டித்து, தன் மகன் கொன்றவிடத்துக் கழுவாய் தேடுதல் முறையாகாது என்பதே அவன் துணிபு. ஈண்டு நோக்கத்தக்கன இரண்டு. விரைந்து செல்லும் தேரை ஊர்ந்தானுக்கு, முன்னே வருவதனை நோக்கும் கடன் உண்டு; தேரின் வேகமே அக்கடனைப் பெருக்குகின்றது. அன்றியும், மகன் பிழையைத் தந்தை தன் பிழையாகவே தாங்கினான். கன்றின் தாய் அடித்த மணியோசை அரண்மனையுட் கேட்டபோது, அவன் 'யான் என் செய்தேன்' என்றானல்லன்.

மகன் செயலுக்குப் பெற்றோர் எவ்வளவு கடமைப்பட்டவர் என்னும் இவ்வினாவே, அமெரிக்க நாட்டு நீதிமன்றத்தின் முன்னும் அண்மையில் எழுந்தது. மிச்சிகன் மாநிலத்து ஆக்ஸ்ஃபோர்டு என்னும் ஊரில், 2021 நவம்பர் 30ஆம் நாள், 15 வயது மாணவன் ஒருவன் தன் பள்ளியிற் கைத்துப்பாக்கியாற் சுட்டமையின் மாணவர் நால்வர் உயிரிழந்தனர், எழுவர் காயமுற்றனர். அத்துப்பாக்கி நான்கு நாட்களுக்கு முன்னரே அவன் தந்தையால் வாங்கப்பட்டது. நிகழ்ச்சியன்று காலையில், அவன் தாளில் வரைந்திருந்த கொடிய உருவங்களைக் கண்டு பள்ளியார் பெற்றோரை அழைத்தனர். அவர்கள் வந்தும், மகனை உடன் அழைத்துச் சென்றிலர். வீட்டில் புதிதாகத் துப்பாக்கி வாங்கியிருத்தலையும் கூறிற்றிலர். துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்னும் சட்டம் அக்காலத்து அம்மாநிலத்தில் இல்லை. அங்ஙனமாகவும், 2024இல் தாயும் தந்தையும் தனித்தனியே ஆராயப்பட்டு, கருதாது நேர்ந்த கொலைக்குற்றத்திற்கு உரியராகத் தீர்ப்புப் பெற்றனர். ஒவ்வொருவர்க்கும் 10 முதல் 15 ஆண்டு வரை சிறைத்தண்டம் விதிக்கப்பட்டது. பள்ளியில் மகன் சுட்டுப் பலரைக் கொன்றதற்காகப் பெற்றோர் இக்குற்றத்திற்கு உட்படுத்தப்பட்டமை அந்நாட்டில் இதுவே முதன்முறை. துப்பாக்கியைப் பூட்டி வைத்தலைக் கட்டாயமாக்கும் சட்டம் மிச்சிகனில் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. குழந்தைக்கு எட்டும்படி நிறைதுப்பாக்கியை விட்டவனைக் குற்றவாளியாக்கும் சட்டம் ஃபுளோரிடா மாநிலத்தில் 1989லேயே இயற்றப்பட்டது. சுட்டவன் மகனே, அவன் வினை அவற்கே உரியது. ஆயினும் அவனுடைய வினையின் நிழலிற் பெற்றோரின் சோர்வு தனி வினையாய் நின்றது. ஒருவன் குற்றம் மற்றொருவன் குற்றத்தைத் துடைத்துவிடுவதில்லை.

இத்துணையும் கூறக் கேட்டார், 'கொல்லாமையை அறங்களுட் சிறந்ததாகக் கொண்ட சைவர்க்குத் துப்பாக்கி ஏன்? விலக்குதலன்றோ முறை?' என்று வினவுதல் கூடும். விலக்கத்தக்கார்க்கு விலக்குதலே சிறந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் காவற்றொழில் பூண்டாரும், நாட்டெல்லை காப்பாரும், கொடிய அச்சம் உண்மையாகவே சூழ்ந்துள்ளாரும் படைக்கலம் தாங்குதல் உலகியலில் உள்ளது. அடியார் வரலாற்றிலும் படைக்கலம் ஏந்தினார் உளர். எயினனூரில் வாட்பயிற்சி ஆசிரியராய் விளங்கிய ஏனாதிநாத நாயனார், போரிற் பகைவன் நெற்றியில் திருநீற்றைக் கண்டவளவில் அவனைக் கொல்லாமையைத் துணிந்தனர். அப்பொழுதே வாளையும் கேடகத்தையும் நீக்கக் கருதினார். படையிழந்தானைக் கொன்றான் என்னும் பழி அவனுக்கு எய்தலாகாதென்று பின்னர் நினைந்து, அவற்றை ஏந்தியவாறே எதிர் நின்றனர். தம் கையிலுள்ள படைக்கலத்தால், தம்மைக் கொல்ல வந்தானுக்கு ஏற்படும் வினையையும் எண்ணிய பெருந்தகைமை இது. தம் கையிலுள்ள படைக்கலத்தால் தம் குழந்தைக்கு நேர்வதனையும் எண்ணாதார் இவ்வரலாற்றைப் படித்து யாது பயன் பெற்றனர்?

உடைமை என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. 'யான்', 'எனது' என்னும் செருக்கு எப்பொருளைப் பற்றியும் எழுமாயினும், கைத்துப்பாக்கியைப் பற்றி எழுங்கால் மிகக் கொடிதாம். மெலியானையும் வலியானாக எண்ணச் செய்வது அது. சொல்லால் முடியும் பூசலை உயிரிழப்பில் முடிக்க வல்லது. ஆதலின் சினமுற்ற பொழுதும், மது அருந்திய பொழுதும், துயில் மயக்கத்தும் அதனைத் தொடுதலாகாது. மனத்துயரால் வாழ்க்கை வெறுத்த காலத்து அது வீட்டில் இருத்தலும் ஆகாது. அமெரிக்க நாட்டில் 2021ஆம் ஆண்டிற் துப்பாக்கியால் இறந்தார் 48,830 பேர். அவருள் 26,328 பேர் தற்கொலையால் மாண்டவர். புறத்தேயிருந்து வரும் பகைவனுக்கு அஞ்சி வாங்கிய கருவி, உள்ளத்தே எழுந்த துயருக்குக் கருவியாயிற்று என்பதனை இவ்வெண்கள் காட்டுகின்றன. துயரோ பெரும்பாலும் முகில்போல் வந்து நீங்குவது; புறப்பட்ட குண்டு மீளாதது. எனவே தன்மாட்டோ தன் வீட்டார்மாட்டோ அத்தகைய துயரைக் கண்டவன், உரிய இடத்தில் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு, மருத்துவரையும் அன்புடைய சுற்றத்தாரையும் நாடுதலே அறிவுடைமை. அங்ஙனம் ஒப்படைத்தல் தோல்வியன்று. உடைமையை நன்கு பயன்படுத்தும் முறைகளுள் அதுவும் ஒன்றாம்.

நம் நாட்டுச் சட்டமும் இந்நெறிக்கு வேலியாய் நிற்கின்றது. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கி வைத்தலைத் தடுக்கின்றது. 21 வயது நிரம்பாதார்க்கு உரிமை மறுக்கின்றது. உரிமை நீங்கிய படைக்கலத்தைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடத்திலோ ஒப்படைக்க விதிக்கின்றது. 2016இல் வகுக்கப்பட்ட விதிகள், பாதுகாப்பாகக் கையாளுதலிலும் வைத்தலிலும் பயிற்சி பெறுதலை வேண்டுகின்றன. 2019இற் செய்யப்பட்ட திருத்தம், ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. திருமணம் முதலிய விழாக்களில் மகிழ்ச்சிப் பெருக்கால் வானோக்கிச் சுட்டுப் பிறர் உயிர்க்கு இடர் விளைத்தலையும் அத்திருத்தமே குற்றமாக்கி, இரண்டாண்டு வரை சிறையோ, ஓரிலக்கம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதித்தது. வானோக்கிச் சென்ற குண்டு வானில் நின்றுவிடுவதில்லை. எவர் தலைமேலோ விழுதற்கே மீள்கின்றது. செய்த வினையின் இயல்பும் அத்தகையதே.

ஆயினும் சட்டம் வெளிச்சுவர் போல்வது. இரவில் எழுந்து பூட்டை மீண்டும் ஒருமுறை பார்த்து வருமாறு எந்த அதிகாரியும் ஏவான். அதனை ஏவுவது, எவ்வுயிரினுள்ளும் இறைவன் உளன் என்னும் உணர்ச்சி ஒன்றே. அவ்வுணர்ச்சி உடையானுக்குப் பூட்டுதலும், தோட்டா நீக்கி நோக்குதலும், விரலை விலக்கி வைத்தலும் சிறு செயல்களல்ல. அவை நாள்தோறும் செய்யும் நோன்பின் பாற்படும்.

முடிவில், மகவை இழந்த அத் தந்தையைச் சைவம் என் செய்யும் என்பதும் கூறத்தக்கது. அவன் துயர் அளவிடற்கரியது. அவனை இகழ்தல் எவர்க்கும் தகாது. ஆனால், 'எல்லாம் விதி' என்று கூறி அவனைத் தேற்றுவார் அவனுக்கு நன்மை செய்தாரல்லர். அச்சொல் புண்ணை ஆற்றாது மூடிவிடும். உள்ளே அது சீழ்கொள்ளும். 'என் சோர்வே இது' என்று அவன் தன் வாயாற் கூறும் நாளிலேதான் அவன் உயிர் தூய்மையின் வழியில் முதலடி வைக்கின்றது. இறைவன் தண்டித்தலும் கருணையே என்பது சித்தாந்தத் துணிபாதலின், குற்றத்தை ஏற்றுக்கொண்டான் அக்கருணைக்குப் புறம்பாகான். சிறைக்கு அஞ்சுவான் மறைக்கப் பார்ப்பான். சிவத்துக்கு அஞ்சுவான் ஏற்றுக்கொள்வான். ஏற்றுக்கொண்டபின் அவன் அயலவர் ஒருவரையேனும் அழைத்து, 'உம் வீட்டு இழுப்பறையைப் பூட்டினீரோ?' என்று கேட்பானாயின், அவன் இழந்த மகவின் பெயரால் வேறொரு மகவு உயிர் பிழைத்தல் கூடும்.

கைத்துப்பாக்கி உடையார் தம் அறிவின் சிறுமையை உணர்ந்து, சோர்வும் வினையே என்று தெளிந்து, அதனைக் கையாளவும் பூட்டி வைக்கவும் வேண்டுமிடத்து விட்டொழிக்கவும் கற்பாராக. உடையாராதற்கு விரும்புவோர் அதற்கு முன்னரே இவற்றை எண்ணித் துணிவாராக. எல்லா உயிர்களையும் தன் உடைமையாகக் கொண்ட பெருமான், ஒருவர் கையின் சோர்வால் மற்றொருவர் வாழ்வு அழியாவண்ணம் யாவர்க்கும் விழிப்பை அருளுவானாக.